பேடை மாற்றும் முன் பழைய பேடைப் பாருங்கள்: கார் பிரேக் பழுதுகள், அறிகுறி வாரியாக

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியில் என் காரின் பிரேக் பெடல் திடீரென்று தளர்ந்து உள்ளே போனது. முன் இடது சக்கரத்திலிருந்து கருகல் வாடை. பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். கியரை இரண்டுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஓரம் கட்டினேன். முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு பெடல் பழையபடி நின்றது. மீதி வழியை இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து முடித்தேன்.

அதற்கு ஐந்து மாதம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் சக்கரங்களின் நான்கு பேடும் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் தகடுகள்) புதிதாகப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினேன். இடது பக்கத்தில் உள் பேட் தகரம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதே சக்கரத்தின் வெளி பேட் கிட்டத்தட்ட புதிதாகவே இருந்தது. பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பர் வழுக்கி நகர உதவும் 'பின்' என்ற கம்பி துருவேறி இறுகிக் கிடந்தது. பேடை மாற்றியவர் அந்தப் பின்னை ஒரு முறை கையால் இழுத்துப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

அன்றிலிருந்து என் கார் பிரேக்கை நானே பார்த்துக்கொள்கிறேன். பேட் தேய்வது இயல்பு. அது எப்படித் தேய்ந்தது என்பதில்தான் பழுது ஒளிந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டினால் அடுத்த பேடும் அதே வழியில்தான் போகும்.

நான் எழுதுவது நம் ஊரில் அதிகம் ஓடும் சின்ன கார்களுக்கு: முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு), பின்னால் டிரம் (உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் கிண்ணம்). ஸ்விஃப்ட், வேகன்ஆர், டியாகோ, கிராண்ட் ஐ10 எல்லாம் இந்த வகைதான். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட், மோட்டார் வைத்த எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக், இரும்பு பிரேக் பைப் ஆகிய மூன்றையும் வீட்டில் தொட வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன்

சமதளத் தரை வேண்டும். காருடன் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கையையோ தலையையோ கொண்டுபோகக் கூடாது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, கழற்றிய சக்கரத்தையும் பாடிக்குக் கீழே படுக்க வையுங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின் டிரம்மைத் திறக்க ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும். அப்போது காரைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டைகள்தான்.

டிரம்மிலிருந்து கொட்டும் கறுப்புத் தூளை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து நனைத்து, கீழே ஒரு தட்டு வைத்துப் பிடியுங்கள். மாஸ்க் அவசியம்.

பெடல் சரியில்லை

எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெடல் ஒவ்வொரு பழுதுக்கும் ஒவ்வொரு விதமாகக் காலுக்குச் சொல்லும்.

பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டு மூன்று தடவை அடித்தால் மேலே வந்து கெட்டியாகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். லைனில் காற்று இருக்கும், இல்லையென்றால் பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கும். எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கார் நின்றபடி இருக்க, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு பெடலை அழுத்துங்கள். ஹேண்ட் பிரேக் ஷூக்களை டிரம் வரை தள்ளிவிடும். இப்போது பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான் குறை. அப்போதும் பஞ்சு போலவே இருந்தால் காற்று.

பெடலில் காலை வைத்து ஒரே அழுத்தமாக அரை நிமிடம் பிடியுங்கள். மெதுவாக, நழுவுவது போலக் கீழே போகிறதா? எங்கோ பிரேக் ஆயில் கசிகிறது. நான்கு சக்கரங்களின் உள்பக்கம், ஹோஸ், பைப் இணைப்புகள் எல்லாம் பாருங்கள். எங்கும் ஈரமில்லை, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறையவில்லை என்றால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் விட்டுவிட்டது. அழுத்தம் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கடந்துவிடுகிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் காரை எடுக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரை நான் வீட்டில் பிரிப்பதில்லை, முழுதாக மாற்றுவதுதான் என் பழக்கம்.

பெடல் கல் மாதிரி, உதைத்தாலும் பிடி குறைவு என்றால் பூஸ்டரை (எஞ்சினின் வெற்றிடத்தால் காலின் அழுத்தத்தைக் கூட்டும் பகுதி) சோதியுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை பெடலை அடித்து, பிறகு அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெடல் காலடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகவில்லை. எஞ்சினிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, அதில் உள்ள ஒருவழி வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பூஸ்டரைச் சந்தேகப்படுங்கள். பல சமயம் குழாயோடு வேலை முடிந்துவிடும்.

மலை இறக்கத்தில் மட்டும் பிரேக் போகிறது, ஆறினால் வருகிறது என்பது தனிக் கதை. அதிலும் இரண்டு வகை. பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டது. எனக்கு நடந்ததைப் போல பெடலே தளர்ந்து உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியை அழுத்தினால் சுருங்கிவிடும். காலின் பலமெல்லாம் அந்த ஆவியை அழுத்துவதில் செலவாகிவிடுகிறது.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு 1,100 கிலோ எடை உள்ள கார் 1,400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றும் எஞ்சினும் அதில் பங்கு வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் பங்கு வராது, மீதி எல்லாம் நான்கு பிரேக்கில்தான் இறங்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது அனுபவத்தில் வந்த கணக்கு.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பிரேக் ஆயிலை டாட் என்ற தர எண்ணால் குறிப்பார்கள். புது டாட் 3 கொதிக்கக் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வேண்டும், டாட் 4-க்கு 230. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இந்த வரம்பு 140, 155 என்று இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கிலோமீட்டர் ஓடியதோ இல்லையோ, வருடம்தான் கணக்கு. மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை, மற்றவற்றோடு சேரவே சேராது. டாட் 5.1 என்ற பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பழைய டப்பாவை எடுக்காதீர்கள், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

ஒரு பக்கம் இழுக்கிறது, சக்கரம் சுடுகிறது, மைலேஜ் குறைந்துவிட்டது

மூன்றும் பெரும்பாலும் ஒரே பழுதின் வெவ்வேறு முகங்கள்.

ஐந்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது கார் இடது பக்கம் இழுத்தால் இரண்டையும் பாருங்கள்: இடது பிரேக் கூடுதலாகப் பிடிக்கலாம், அல்லது வலது பிரேக் வேலையே செய்யாமல் இருக்கலாம். பழுது இழுக்கும் பக்கத்தில்தான் இருக்கும் என்று பலர் நினைத்து நல்ல சக்கரத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, சக்கரத்தைக் கழற்றியாயிற்று. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி அப்படியே மேலே தூக்கினால் பேட் இரண்டும் கைக்கு வரும். முழுதாகக் கழற்றுவதென்றால் காலிப்பரைக் கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்க விடுங்கள். ரப்பர் ஹோஸில் தொங்க விட்டால் ஹோஸின் உள்சுவர் கிழிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

இப்போது அந்தப் பழைய பேட்களை வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த வேலையில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம்.

வெளி பேட் மட்டும் தேய்ந்திருந்தால், காலிப்பர் பின்னில் வழுக்கிப் பின்வாங்கவில்லை, வெளி பேட் டிஸ்க்கை விட்டு விலகவே இல்லை. உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால், பிஸ்டன் திரும்பி உள்ளே போகவில்லை. அல்லது, என் காரில் போல, பின் அடியோடு இறுகி, தள்ளும் வேலை முழுவதையும் உள் பேட் ஒன்றே செய்திருக்கிறது. ஒரு முனை கனமாகவும் மறு முனை மெலிதாகவும் ஆப்பு போலத் தேய்ந்திருந்தால், இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கிறது, அல்லது பேடின் காது (இரு முனையிலும் நீட்டியிருக்கும் பகுதி) உட்காரும் இடத்தில் துருவில் மாட்டியிருக்கிறது. கண்ணாடி போல மினுமினுத்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. ஈரமாக, கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் பிஸ்டன் சீல் கசிகிறது. எண்ணெய் குடித்த பேடை எதில் கழுவினாலும் சரிவராது, ஜோடியாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

பின்னைப் பாருங்கள். ஒவ்வொரு காலிப்பருக்கும் இரண்டு. ரப்பர் உறைக்குள் இருக்கும் அதை விரலால் உள்ளே அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போய், விட்டதும் உள்ளே சிக்கிய காற்றால் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். கட்டிங் பிளையர் தேவைப்படுகிறது என்றால் அதுவே பழுது. வெளியே இழுத்து, பழைய கிரீஸை முழுதாகத் துடையுங்கள். லேசான துரு என்றால் மெல்லிய உப்புத்தாள் போதும். குழி விழுந்திருந்தால் புதுப் பின் வாங்குங்கள், விலை குறைவுதான். ஓட்டைக்குள்ளும் துணி சுற்றிய குச்சியை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். நிறைய கார்களில் இரண்டு பின்னும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் புஷ் இருக்கும். எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும், அதனால் கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னுக்குப் போட வேண்டியது சிலிகான் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை இங்கே போட்டால் ரப்பர் ஊதிப்போய், ஆறு மாதத்தில் பின் முன்னைவிட இறுக்கமாகிவிடும். அக்கறையாகக் கிரீஸ் வைத்தும் பின் இறுகிவிட்டதென்று வந்த இரண்டு நண்பர்களின் காரைப் பார்த்தேன், இரண்டிலும் இதே கதை. மெல்லிய பூச்சு போதும், அடைத்து வைத்தால் காற்று வெளியேற வழியில்லாமல் பின் திரும்பத் தள்ளும்.

இரண்டு பின்களும் நன்றாக இருந்தால் அடுத்து, காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன். பழைய பேடை அதன் மேல் வைத்து, சி கிளாம்ப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். ஒரே சீராக உள்ளே போனால் நல்லது. அடம் பிடித்தால், ப்ளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சின்னத் திருகு) கொஞ்சம் திறந்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். நிப்பிளைத் திறந்ததும் சுலபமாகப் போனால் குற்றவாளி ஹோஸ்: உள்ளே ஊதிப்போய் ஆயிலைப் போக விடுகிறது, திரும்பி வர விடுவதில்லை. திறந்தும் போகவில்லை என்றால் பிஸ்டனே துருவில் பிடித்திருக்கிறது.

பிஸ்டனைத் தள்ளும்போது எப்படியும் நிப்பிளில் ஒரு குழாய் மாட்டித் திறந்தே தள்ளுவதுதான் நல்லது. காலிப்பரில் தேங்கிய அழுக்கு ஆயில் மேலே ஏறி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போகாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இது இப்போது எல்லோருக்கும் பொருந்தும். பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும்.

காலிப்பரைப் பிரித்துச் சீரமைப்பது

பிஸ்டன் பிடித்திருந்தால் உடனே புதுக் காலிப்பர் வாங்க வேண்டியதில்லை. சீல் கிட் போதும் என்பதுதான் பெரும்பாலும் நிலைமை. ஹோஸைக் கழற்றும் முன்பே, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு பெடலை மெதுவாக அழுத்தி பிஸ்டனை வெளியே கொண்டுவாருங்கள். பெடலின் அழுத்தம் கம்ப்ரசர் காற்றைவிடப் பாதுகாப்பானது. காற்றடித்தால் பிஸ்டன் தோட்டா மாதிரி பாயும், விரல் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் கூடவே கூடாது.

வெளியே வந்த பிஸ்டனை நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் குரோம் பூச்சு அரித்திருக்கிறது, அந்த பிஸ்டனைத் தேய்த்துப் பயனில்லை. உள்ளே காடியில் சதுர வெட்டு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். பிளாஸ்டிக் அல்லது மரக் குச்சியால் நெம்பி எடுங்கள், ஸ்க்ரூ டிரைவர் காடியைக் கீறிவிடும். ஆயில் கசியாமல் தடுப்பதோடு, பெடலை விட்டதும் பிஸ்டனை இம்மி அளவு பின்னால் இழுப்பதும் இந்த வளையம்தான். பிஸ்டன் நகரும்போது வளையம் முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்கு வந்து அதையும் கூடவே இழுத்துவரும். காடியில் துரு படிந்தால் வளையம் முறுக்க இடமில்லாமல் போய் பிரேக் உரசும். ஆகவே, காடியைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையின் உயிர். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், பிரேக் கிளீனர் மட்டும். புது வளையத்தைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து உட்கார வைத்து, பிஸ்டனை நேராக, கை பலத்திலேயே உள்ளே தள்ளுங்கள். சாய்ந்தால் எடுத்துவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள்.

இரண்டு காலிப்பரையும் ஒரே நாளில் கழற்றியிருந்தால் இடது வலது மாறாமல் பாருங்கள். சரியாக மாட்டினால் நிப்பிள் மேலே இருக்கும். கீழே இருந்தால் மாறிவிட்டது என்று பொருள், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் காற்று வெளியே போகாது.

சத்தம்

மெதுவாக ஓடும்போது கிறீச் என்று மெல்லிய சத்தம், பெடலை மிதித்தால் நின்றுவிடுகிறது: பேடில் வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது. லைனிங் 3 மி.மீ. ஆகும்போதே மாற்றிவிடுவது என் வழக்கம், புதிதில் அது சுமார் 10 மி.மீ. இருக்கும். மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் பேட் அதிர்கிறது. பின்னால் இருக்கும் ஷிம் தகடு போடப்பட்டிருக்கிறதா, பேட் காதுகள் உட்காரும் இடம் சுத்தமா என்று பாருங்கள். பேட் முதுகிலும் காதிலும் பிரேக்குக்கான செராமிக் கிரீஸ் துளி வையுங்கள், லைனிங் பக்கம் படவே கூடாது.

கரகரவென்று இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், டிஸ்க்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால், மண் ரோட்டில் போய் வந்ததும் திடீரென்று காது கிழியும் சத்தம் வந்தால் டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் தகரத்துக்கும் நடுவில் கூழாங்கல் மாட்டியிருக்கலாம். மழைக்கு அடுத்த நாள் காலையில் முதல் நாலைந்து மிதியில் வரும் சொரசொரப்பு, டிஸ்க்கில் ஒரே இரவில் படிந்த துரு. அது தானே தேய்ந்துவிடும்.

மிதித்தால் உதறுகிறது

ஸ்டீயரிங் உதறினால் முன் டிஸ்க். சீட்டும் தரையும் உதறினால் பின் டிரம். உறுதி செய்ய, காலியான நேர் ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி லேசாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் உதறினால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. பிரேக்கே மிதிக்காமல் 80க்கு மேல் உதறினால் வீல் பேலன்சிங்கைப் பாருங்கள்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, அதன் கனம் சுற்றுக்குள் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். 0.02 மி.மீ. வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும். முக்கியக் காரணம், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துருவைச் சுரண்டாமல் டிஸ்க்கை மாட்டுவது. நடுவில் ஒரு துருத்துகள் சிக்கினால் டிஸ்க் ஓரத்தில் அது இரண்டு மடங்குக்கும் மேலாக ஆட்டும். ஆட்டம் நாள்பட டிஸ்க்கை ஓரிடத்தில் மட்டும் தேய்க்கும். எனவே ஹப்பைக் கம்பி பிரஷால் பளபளக்கும்வரை தேயுங்கள். வீல் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, உங்கள் கார் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் ஒரே பக்கமாக முடுக்கியதும் ஒரு காரணம்தான்.

டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும். வெர்னியரில் அளக்கும்போது ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பு அளவை ஏமாற்றிவிடும். இரண்டு பக்கமும் ஒரு ரூபாய் நாணயம் ஒவ்வொன்று வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத்தை நெருங்கிவிட்டால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவது பண விரயம். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. ஜோடியாக மாற்றிவிடுங்கள். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை

லீவர் ரொம்ப உயரம் வருகிறது என்றதும் பலர் நேராக கேபிளை முடுக்கிவிடுவார்கள். அது தவறான வரிசை. ஷூ தேய்ந்ததை கேபிள் மறைத்துக்கொண்டிருக்கும், பெடல் நீளமாகவே இருக்கும். முதலில் டிரம்மைத் திறந்து ஷூ அட்ஜஸ்ட்டரைச் சரிசெய்து, அப்புறம்தான் கேபிள்.

டிரம் வரவில்லை என்றால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். பல டிரம்களில் இரண்டு மரை ஓட்டைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாட்டி மாற்றி மாற்றி முடுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே ஸ்பிரிங்குகள் நிறைய. ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திறக்க வேண்டும், மறந்துபோனால் திறக்காத பக்கம் மாதிரிக்கு இருக்கும். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது, சிலிண்டரை மாற்றுங்கள். ஷூ இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம் உள்விட்டத்தின் அதிகபட்ச அளவு அதிலேயே வார்த்திருக்கும்.

மழைக்காலத்தில் காரைப் பல நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு கட்டை வையுங்கள். ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும்.

சிவப்பு விளக்கு

ஹேண்ட் பிரேக்கை முழுதாக விட்டும் டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால் ஆயில் அளவைப் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தை ஆயில் நிரப்புவதால் அளவு கொஞ்சம் குறையும். பேடைப் பார்க்காமல் மேலே ஊற்றிவிட்டால், புது பேட் போடப் பிஸ்டனைத் தள்ளும்போது டப்பா பொங்கி வழியும்.

காற்று எடுப்பது

நிப்பிளில் முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும், நிப்பிள் உடைந்தால் காலிப்பரையே மாற்ற நேரலாம். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது பொது வழக்கம். வலது பக்க ஸ்டீயரிங் உள்ள நம் கார்களில் அது பின் இடது, பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. சில கார்களுக்கு வரிசை வேறு. உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே சரி.

என் வீட்டில் பெடலில் உட்காருவது மகள். நான் சக்கரத்தடியில் இருந்து "அமுக்கும்மா" என்பேன். "அமுக்கிட்டேன்ப்பா" என்று குரல் வந்ததும் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். குழாயில் குமிழியோடு ஆயில் ஓடும், பெடல் இறங்கும். "விடாத, பிடிச்சுக்கோ" என்று சொல்லி நிப்பிளை மூடிவிட்டு, அதன் பிறகே "இப்ப விடு". நிப்பிள் மூடும் முன் பெடலை விட்டால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். அவள் கையில் ஒரு நோட்டு, ஐந்து முறைக்கு ஒருதரம் டப்பாவில் அளவைப் பார்க்கச் சொல்லி எனக்கு நினைவூட்டுவாள். டப்பா காலியானால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று ஏறி, ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். குழாயின் மறுமுனை பாட்டிலில் ஏற்கெனவே ஊற்றி வைத்த ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பழைய காரில் பெடலை அடிவரை மிதிக்காதபடி கீழே ஒரு மரத்துண்டு வைப்பது நல்லது. மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகச் சீல் போகாத பகுதி துருவேறியிருக்கும், அங்கே போய்வந்தால் சீல் கிழியும். தேநீர் நிறத்தில் வந்த ஆயில் வெளிர் மஞ்சளாகி, குமிழி நிற்கும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் செய்யுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் மூடி ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் டிரம்மில் கொடுத்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு

காரை அசைக்கும் முன் பெடலை அது கெட்டியாகும்வரை அடியுங்கள். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதிகள் வெறுமனே தரைக்குப் போகும். இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் இருக்கும் சுவரோ, குழந்தையோ, யாரோ. நான் ஸ்டீயரிங்கில் ஒரு துணியைக் கட்டி வைத்துவிடுவேன், பெடலை அடித்த பிறகுதான் அதை அவிழ்ப்பது.

பிறகு நெரிசல் இல்லாத ரோட்டில் 60லிருந்து 20க்கு மிதமாக மிதித்து வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம், நடுவில் அரை கிலோமீட்டர் ஆற விடுங்கள். எட்டுப் பத்து தடவை இப்படிச் செய்தால் பேடின் பூச்சு டிஸ்க்கில் ஒரே சீராகப் படியும். சூடான பிரேக்கை மிதித்தபடி சிக்னலில் நின்றால் அந்த ஒரு இடத்தில் மட்டும் தடம் பதிந்து, அதுவே நாளை உதறலாக வரும். முதல் 200 கிலோமீட்டருக்கு மலைப்பாதை வேண்டாம்.

வீட்டுக்குத் திரும்பியதும் சக்கரங்களின் அருகே மறுபடி கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள், நிப்பிள் மூடிகளின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கழற்றிய பழைய பேட்களில் எந்தச் சக்கரம், உள் பக்கமா வெளிப் பக்கமா, எத்தனை கிலோமீட்டரில் கழற்றியது என்று மார்க்கரால் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த தடவை திறக்கும்போது முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த டப்பாவைத்தான்.